படகு வாங்குமுன் அது எங்கே படுக்கும் என்று பாருங்கள்

படகு வாங்கப் போகிறவர் முதலில் விலையை விசாரிப்பார். அடுத்து எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பார். காவிரி டெல்டாவில் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வேலை முடிந்த பிறகு படகு எங்கே கிடக்கும்? விடியற்காலை போய் மதியம் திரும்பும் நாட்டுப் படகுகூட ஒரு நாளில் பதினாறு மணி நேரம் மணலிலோ சேற்றிலோ சும்மாதான் இருக்கிறது. ஆற்றுப் படகு மாதக்கணக்கில் கிடக்கும். அந்த இடம்தான் படகின் எடை, அடிப்பாகத்தின் வடிவம், எஞ்சின் வகை, வருஷச் செலவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கிய படகுகளில் பல, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் விற்பனைக்கு வந்துவிடும்.

கரைக்குத் தகுந்த அடிப்பாகம்

பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று கோடியக்கரை வரை வங்கக் கடலைப் பார்த்த மணல் கரை. அலை நேராக வந்து உடையும். துறைமுகமோ முகத்துவாரமோ பக்கத்தில் இல்லாத ஊரில் படகை அலைக்குள் தள்ளி இறக்கி, திரும்பும்போது மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். இங்கே அணியம் (படகின் முன்முனை) உயர்ந்து, உடல் ஒடுங்கி, எடை குறைந்த படகுதான் சரி. அணியம் தாழ்ந்திருந்தால் முதல் அலையே உள்ளே கொட்டும். டிராக்டர் வைத்து இழுக்கும் ஊரா, ஆள் தோள் கொடுக்கும் ஊரா என்று முதலில் விசாரியுங்கள். டிராக்டர் இல்லாத கரையில் முப்பதடி படகு வாங்கினால், தினமும் பத்துப் பேரைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

கோடியக்கரையைச் சுற்றி மேற்கே திரும்பினால் கடலின் குணமே மாறிவிடும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் அலை சிறியது, சேறு அதிகம், வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. முத்துப்பேட்டைக் காயலின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். படகை இங்கே கரைக்கு இழுப்பதில்லை. வாய்க்காலிலோ கரைக்கு வெளியிலோ நங்கூரமிட்டு நிறுத்துவார்கள். வற்றம் வந்து கடல்நீர் இறங்கினால் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். தட்டை அடி இருந்தால் நிமிர்ந்து உட்காரும். கூர்மையான அடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஏற்றம் வரும்போது நிமிர்வதற்குள் தாழ்ந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறும். நாகூரில் நன்றாக ஓடிய படகை மலிவாகக் கிடைத்ததே என்று அதிராம்பட்டினத்துக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஆறுகளில் கணக்கே வேறு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். திறப்பு தள்ளிப்போகிற வருஷங்களும் உண்டு. கல்லணைக்குக் கீழே காவிரியிலும் வெண்ணாற்றிலும் அதற்கப்புறம் மணல்தான். கொள்ளிடத்தில் ஆங்காங்கே மடு நிற்கும், கடைமடையில் உப்புத் தண்ணீர் ஏறி நிற்கும். ஆகவே படுகைக் கொல்லைக்குப் போய்வரப் படகு வேண்டும் என்கிறவர், அது வருஷத்தில் அதிகம் போனால் ஏழரை மாதம் மிதக்கும், மீதி நாள் புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும் என்று வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். அப்படியானால் இரண்டு பேர் தூக்கும் எடைக்கு மேல் எதற்கு?

வாங்கத்தான் வேண்டுமா?

ஒரு தாளில் நாள் கணக்குப் போடுங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். மற்ற நாள் நாட்டுப் படகுகளுக்கு. 52 வாரத்துக்கு 156 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதில் 26 நாள் போகும். மீதி 130. புயல் எச்சரிக்கை, வாடைக் காற்று, வேலைநிறுத்தம், எஞ்சின் பழுது எல்லாம் கழித்தால் 100 நாள் கிடைத்தால் நல்ல வருஷம். வட்டி, காப்பீடு, பெயிண்ட், வலை, எஞ்சின் தேய்மானம் அத்தனையையும் அந்த நூறால் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். டீசல், ஐஸ், ஆள் பங்கு இந்தக் கணக்கில் வராது, அவை தனி. வரும் தொகை பயமுறுத்தினால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

நாட்டுப் படகுகளுக்குத் தடைக்காலம் கிடையாது. அதனால் நாள் கணக்கு மேலே வரும். பணம் மட்டும் இருந்து கடல் அனுபவம் இல்லாதவர் தனியாக இறங்குவதைவிடப் பங்கில் சேர்வது மேல். செலவு போக மிச்சத்தில் படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று தனித்தனிப் பங்கு பிரிக்கும் வழக்கம் கரையோரம் எங்கும் இருக்கிறது. எஞ்சினை மட்டும் நீங்கள் வாங்கிப் போட்டு அதன் பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்தில் தொழில் புரிந்துவிடும்.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட நினைப்பவர் பத்து நடை வாடகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்ப்பதற்காகவே படகு வாங்க நினைப்பவருக்கு: முத்துப்பேட்டை காப்புக்காடு, கோடியக்கரை சரணாலயம். சொந்தப் படகு இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

எந்த வகை

பரிசல். கொள்ளிடத்துக்கும் குளத்துக்கும் இதைவிட மலிவாக எதுவும் இல்லை. மூங்கில் பிளாச்சில் கூடை பின்னி, பிளாஸ்டிக் சாக்கு போர்த்தி, தார் பூசியது. ஒருவரே தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். துடுப்பைப் பக்கவாட்டில் போட்டால் சுற்றும். முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அடிப்பக்கத் தார் கல்லில் உரசிப் போகும், வருஷம் ஒருமுறை பூசுங்கள். ஃபைபர் பரிசல் நாள்படும், ஆனால் எடை கூடுதல். வெள்ளம் சுழித்து ஓடும் நாளில் எந்தப் பரிசலும் வேண்டாம். கதவணைக்கு மேல்புறம் எந்த நாளிலும் வேண்டாம். திறந்த ஷட்டரை நோக்கித் தண்ணீர் இழுக்கும் வேகம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு. விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள்.

தெர்மாகோல் தெப்பம் படகில் சேராது. வெயிலில் உதிர்ந்து வெள்ளை மணிகளாகக் கரை முழுக்கச் சிதறும், எதிலாவது மோதினால் இரண்டாகும்.

கட்டுமரம் அலைக்குள் இறங்குவதற்கு இன்றைக்கும் நிகரில்லாதது. தண்ணீர் உள்ளே வந்தால் இடுக்கு வழியே தானே வெளியேறிவிடும், மூழ்கும் பேச்சே இல்லை. ஆனால் மரம் நீர் குடிக்கும். வேலை முடிந்ததும் அவிழ்த்துக் காயவைக்காவிட்டால் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும். சுமையும் அதிகம் ஏற்ற முடியாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் இதில் தொடங்குவது இப்போது அரிது.

சிறிய தட்டையடி வள்ளம், பதினைந்து முதல் இருபதடி, மரத்திலோ ஃபைபரிலோ. காயல், வாய்க்கால், முகத்துவாரம், நண்டு வலை, தூண்டில் எல்லாவற்றுக்கும் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். வாங்குமுன் சுமைக் கணக்கை நீங்களே போடலாம். 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்றால் 6 சதுர மீட்டர். நுனி குறுகுவதால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சதுர மீட்டர் பரப்பு ஒரு சென்டிமீட்டர் தாழ 40 கிலோ போதும். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ, படகு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் இறங்கும். எல்லாச் சுமையும் ஏறிய பிறகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே, அமைதியான வாய்க்காலில் ஒரு சாண், காயலில் ஒரு முழம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இறங்கிக்கொள்ளட்டும்.

ஃபைபர் படகு, 25 முதல் 32 அடி. நாகை, மயிலாடுதுறைக் கரைகளில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி இதுதான். அலையைத் தாங்கும், நாலைந்து பேரும் வலையும் ஏறும், பழுது பார்க்க ஆள் கிடைக்கும். செலவும் தகராறும் பெரும்பாலும் பழைய ஃபைபர் வாங்குவதில் வருகிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

விசைப்படகு தனி உலகம். துறைமுகத்தில் இடம், படகை ஓட்டும் ஸ்ராங்கு, ஆட்கள், ஐஸ், வலைச் செலவு என்று அது ஒரு சிறிய ஆலை. இந்தக் கட்டுரையைப் படித்துத் தீர்மானிக்கும் கட்டத்தில் இருப்பவர் அதை வாங்கக் கூடாது.

எஞ்சின்

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேகத்தின் எல்லை. நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கு வரும். 25 அடிக்கு 5 × 1.34 = 6.7 நாட், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இதற்கு மேல் பெரிய எஞ்சின் போட்டால் பின்பக்கம் அமுங்கும், டீசல் போகும், வேகம் கூடாது. படகு தண்ணீர் மேல் ஏறி வழுக்கிப் போக வேண்டுமென்றால் அடிப்பாகம் அதற்கென்று வார்த்ததாக இருக்க வேண்டும்.

பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டா, நீண்ட தண்டின் நுனியில் காற்றாடி (நீரைத் தள்ளும் இறக்கை) உள்ள நீளத் தண்டு டீசலா? ஆழமில்லாத இடத்தில் நீளத் தண்டு வசதி: கைப்பிடியை அமுக்கினால் காற்றாடி மேலே வந்துவிடும். ஆகாயத்தாமரை சுற்றினாலும் தூக்கி உதறலாம், ரிப்பேர் பக்கத்து ஊரிலேயே நடக்கும். எடையும் அதிர்வும் கூடுதல். அவுட்போர்டு இலகு, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். படகு திறந்த கரையில் கிடக்கிறது, காவலுக்கு ஆள் இல்லை என்றால் இது பெரிய வசதி. வாங்கும்போது பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள்: 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு அவுட்போர்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு அவுட்போர்டு. காற்றாடிக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிக்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுத்து எஞ்சின் அலறும். ரொம்பக் கீழே போனால் சேற்றை அள்ளும்.

எரிபொருள் கணக்கு: டீசல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் லிட்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு அதைப்போல இரண்டு மடங்கு. 10 குதிரைத்திறன் டீசலில் போக இரண்டு, வர இரண்டு, வலை போட ஒரு மணி நேரம் என்றால் 12.5 லிட்டர். இது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று வைத்துக்கொண்டு, 20 லிட்டர் கேனோடு போங்கள். திரும்பும்போது காற்று எதிராக இருந்தால் அந்த மிச்சம்தான் கரை சேர்க்கும்.

சேதுபாவாசத்திரம் பக்கம் இன்னொன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு தின்னும் கடற்புல் ஆழம் குறைந்த இடத்தில்தான் வளர்கிறது. காற்றாடி அதைக் கிழித்தால் புல்லும் போகும், வேர் சுற்றி எஞ்சினும் சூடாகும். அங்கே தூக்கிவிட்டுக் கோல் ஊன்றிப் போவதே வழக்கம்.

பழைய ஃபைபரைச் சோதிப்பது

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. அவசரத்தில் வார்த்தவையும் அதில் உண்டு. அந்தக் காலத்துப் படகுகள் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து இன்னும் கைமாறுகின்றன. புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், குறிப்பாக உள்பக்கத்தில் அடித்திருந்தால்.

படகு காய்ந்து மணலில் இருக்கும்போது காலை வெயிலில் போங்கள். அணியத்தில் நின்று பக்கவாட்டை ஒரு கண்ணால் நீளமாகப் பாருங்கள். அலையலையாக மேடுபள்ளம் தெரிந்தால் அங்கே உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது அல்லது பழைய உடைப்பு இருக்கிறது. பிறகு ஒரு சாக்பீஸும் பத்து ரூபாய் நாணயமும் எடுத்துக்கொண்டு அடிப்பாகம் முழுக்கக் கைகொள்ளும் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் "டிக்" என்று இறுகிய சத்தம் தரும். ஒட்டு விட்ட இடம் "டொப்" என்று மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். உள்ளங்கை அகலத்தில் ஒன்றிரண்டு என்றால் சரிசெய்துவிடலாம். ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின்) இருபுறமும் நீளமாகத் தொடர்ந்து போனால் பேரம் பேச வேண்டாம், வந்துவிடுங்கள்.

கொப்புளம் இருந்தால் ஒன்றை ஆணியால் குத்துங்கள். புளித்த காடி மாதிரி வாசனையோடு நீர் வந்தால், தண்ணீர் மேல்பூச்சைத் தாண்டி ரெசினுக்குள் போயிருக்கிறது. சேற்றுத் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த படகில் இது அதிகம். தினமும் கரையேறிக் காயும் படகில் குறைவு.

அடுத்தது பின்பலகை. அவுட்போர்டைப் பாதி தூக்கிய நிலையில் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அமுக்குங்கள். பலகை லேசாக வளைந்து கொடுத்தால் ஃபைபருக்குள் இருக்கும் பிளைவுட் இற்றுவிட்டது. சந்தேகமென்றால் ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லி ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை விடுங்கள். காய்ந்த மரம் கடிக்கும். இற்றுப்போன மரம் டீத்தூள் மாதிரி ஈரமாக வெளியே வரும். போல்ட் ஓட்டையை ரெசின் பூசி அடைக்காமல் விட்டதே காரணமாக இருக்கும். பின்பலகை மாற்றுவது படகின் பின்பாதியையே பிரிக்கிற வேலை. விலையில் அதைக் கழித்தால் மட்டும் வாங்கலாம்.

மிதப்புக்காக அடைத்த ஃபோம் நீர் குடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் நெல் லாரி நிறுக்கும் எடை மேடை டெல்டாவில் எங்கும் உண்டு. டிரெய்லரோடு ஒருமுறை, வெறும் டிரெய்லர் ஒருமுறை நிறுங்கள். அதே அச்சில் வார்த்த புதுப் படகின் எடையை யார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு, இருநூறு கிலோ கூட இருந்தால் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள். தினமும் அதையும் சேர்த்து இழுக்கப் போகிறீர்கள்.

ஒட்டுப்போட்ட இடங்களில், கார் பட்டி வைத்துத் தேய்த்ததா, ஃபைபர் இழை மேட் போட்டு வார்த்ததா என்று உள்பக்கம் பாருங்கள். சரியான ஒட்டு என்றால் உடைந்த ஓரத்தைத் தடிமனைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் அடுக்கடுக்காக மேட் படுத்திருக்க வேண்டும். நீங்களே செய்வதானால் மழை ஈரத்தில் செய்யாதீர்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்ட்னர். சித்திரை வெயிலில் குறைந்த அளவே போதும், கூடினால் தூரிகையோடு கட்டியாகிவிடும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஹார்ட்னர்.

மரப் படகானால் ஒரு பேனாக்கத்தி போதும். நீர்மட்டத்துக்குக் கீழே பலகைகளில் குத்திப் பாருங்கள். கடற்புழு துளைத்த பலகை வெளியே முழுசாக இருக்கும், கத்தி உள்ளே இறங்கிவிடும்.

எஞ்சினை, ஸ்டார்ட் செய்யுமுன் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டித் தயார் செய்திருக்கிறார்கள். ஆறிய பிறகு வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பக்கத்துளையிலிருந்து தண்ணீர் பலமாகப் பீச்ச வேண்டும். சொட்டினால் உள்ளே பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கிறது. கியர் ஆயில் திருகைத் தளர்த்தி ஒரு சொட்டு வெளியே விடுங்கள்: பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் நரம்பு வலை நூல் காற்றாடித் தண்டில் சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். டிரம்மில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். சுமையோடு அரை மணி நேரம் தண்ணீரில் ஓடட்டும்.

காகிதம்

மீன்பிடிப் படகானால் மீன்வளத் துறைப் பதிவு கட்டாயம். நாகை மாவட்டப் பதிவெண் "ஐஎன்டி–டிஎன்–06" என்று தொடங்கும், காரைக்கால் படகு "ஐஎன்டி–பிஒய்" என்று இருக்கும். படகில் எழுதிய எண்ணும் சான்றிதழும் எஞ்சின் எண்ணும் பில்லும் ஒத்துப்போகிறதா பாருங்கள். காரைக்கால் படகு விலை படிந்தாலும், அங்கே பதிவை முடித்துக் கொடுத்த பிறகே முழுப் பணமும் கொடுங்கள். கடன் பாக்கி, மானியத்தில் வாங்கியதற்கான விற்பனைத் தடை இரண்டையும் கேளுங்கள். ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டக் காசு வாங்குவதாக இருந்தால் மீன்பிடிப் பதிவு செல்லாது. ஆற்றில் எஞ்சின் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வரும்.

எழுத்தில் வராத அனுமதியும் ஒன்று. கடலோர ஊர்களில் கரையில் எந்தப் படகு எங்கே ஏறும் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும். வெளியூர்க்காரர் படகை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு இடம் கேட்பது முறையாகாது. முன்பணம் கொடுக்குமுன் பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். இடம் இல்லை என்றால் படகும் இல்லை.

கூட வாங்க வேண்டியவை

ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, உட்காரும் மெத்தையாக இல்லாமல் உடம்பில் மாட்டும்படி. நங்கூரம், ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு. இரண்டு துடுப்பு, நீர் இறைக்க வாளி, தண்ணீர் புகாத டார்ச், உதிரி ஸ்பார்க் பிளக். கடலுக்கானால் ஜி.பி.எஸ்.; கோடியக்கரைக்கு வெளியே சர்வதேச எல்லை நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது, எல்லைக்கு முன்பே ஒலிக்கும்படி அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அவசரத்துக்கு சேனல் 16. கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. செல்போனை உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அவுட்போர்டுக்குள் பத்து நிமிஷம் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். கரையில் குழாய் இல்லையென்றால் ஒரு டிரம் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அரிக்காமல் இருக்க அதில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடும் தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். அடித்தால் அது வேலை செய்யாது, அலுமினியம்தான் அரிக்கும்.

ஐப்பசி பிறந்ததும் படகு படுக்கும் இடத்துக்கு மறுபடி வர வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது, வழக்கமான இடத்திலேயே கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். படகை மேட்டுக்கு ஏற்றி, அணியம் கடலைப் பார்க்க வைத்து, அடித்துளை அடைப்பானைத் திறந்துவிடுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே நின்றால் அந்த எடையிலேயே சட்டம் விரிசல் விடும். இரண்டு படகுகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளி இருக்கட்டும். கயிற்றைத் தென்னையில் கட்டாதீர்கள். கஜாவில் தென்னைகள் ஏராளமாக விழுந்தன. மணலில் குழி பறித்து மரக்கட்டையைக் குறுக்கே புதைத்து அதில் கட்டுங்கள். புயல் போன பிறகு முதல் நடைக்கு முன்னால் முகத்துவாரத்தை வற்றத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். மணல் திட்டு இடம் மாறியிருக்கும்.